நெஞ்சில் இல்லாத சளி

மதிவதனிக்கு டி.பி. என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. சொன்னவள் அவளுடைய மாமியார் ஆதிலட்சுமி.

தேரடித் தெருவுக்குப் பின்சந்தில் கற்பூர வில்லை செய்து கடைகளுக்குப் போடுகிற குடும்பம் அது. மருமகள் பேசினால் நடுவில் தொண்டையைக் கனைக்கிறாள். படுத்தால் இருமுகிறாள். ஆளும் இளைத்துவிட்டாள். தன் தம்பியை இருமலுக்குப் பறிகொடுத்திருந்த ஆதிலட்சுமிக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. ஐப்பசி பிறந்ததும் மதிவதனியை வேங்கிக்காலில் இருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பினாள். ஒன்றரை வயதுகூட நிரம்பாத இனியாவைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லைனு டாக்டர் வாயால என் காதுபடச் சொல்லட்டும். அந்த நிமிஷமே புள்ளையைத் தூக்கிக் குடுக்கிறேன்" என்று அவள் வாசற்படியில் நின்று சொன்னதையும், மகன் சகாதேவன் அவளுக்குப் பின்னால் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம்.

இன்று வியாழக்கிழமை. காலையிலிருந்து விடாத தூறல்.

சகாதேவன் மொபெட்டை வேங்கிக்கால் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, தலையைக்கூடத் துடைக்காமல் உள்ளே வந்தான். கையில் வழக்கம்போல ஒரு பொட்டலம்.

"அம்மா குடுத்தனுப்பிச்சாங்க. புதுக் கற்பூரம். தலகாணிக்கு அடியில வச்சுக்கச் சொன்னாங்க."

"கற்பூரத்தை யார் கேட்டாங்க? பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா." அவன் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். "மதி, ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது."

"சொல்லுங்க."

"வள்ளி வந்திருக்கா. நாளைக்குக் காலையில ஆரணிக்குக் கிளம்புறா. பாப்பாவை அவகூட அனுப்பி வைக்கலாம்னு அம்மா சொல்றாங்க."

வள்ளி அவனுடைய தங்கை. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை.

"எத்தனை நாளைக்கு?"

"உனக்கு உடம்பு சரியாகுற வரைக்கும்."

"என் உடம்புக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவளுக்குத் தொண்டை அடைத்தது. கனைத்தாள். இன்னொரு தரம் கனைத்தாள். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. சகாதேவன் அவளைப் பார்த்த பார்வையில் அவன் அம்மாவின் பார்வை இருந்தது.

அடுப்படியிலிருந்து மதிவதனியின் அம்மா காசியம்மாளின் குரல் வந்தது. "ஆரணிக்கு அனுப்பினா அந்தப் புள்ள வள்ளியைத்தான் அம்மான்னு கூப்பிடும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா மாப்ள?"

"நான் இன்னா அத்தை பண்றது? கார்த்திகை தீபம் வருது. ஆர்டர் தலைக்கு மேல நிக்குது. அம்மாவை எதிர்த்துப் பேசினா, கற்பூரம் போடுற அச்சை நிறுத்திடறேன்றாங்க."

"அச்சு ஓடட்டும். அதான முக்கியம். தட்டுல வச்ச கற்பூரமாட்டம் நீங்களும் சத்தமில்லாம காத்துல கரைஞ்சு போயிடுங்க."

சொல்லிவிட்டுக் காசியம்மாள் இருமினாள். விறகு ஈரம். புகை. கணவர் தசரதன் காலமானதிலிருந்து அந்த வீட்டில் அவள் தனியாகத்தான் சமைத்து, தனியாகத்தான் இருமிக்கொண்டிருந்தாள். அது எல்லோருக்கும் பழகிப்போன சத்தம்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்க அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள் மதிவதனி. "பாப்பாவையும் எடுத்துட்டு வாங்க. டாக்டரம்மா சொல்றதை அவங்களே கேட்கட்டும்."

"நேத்தே போனியே?"

"நேத்து டெஸ்டுக்குக் குடுத்த சளியை வாங்கிக்கல. திருப்பிட்டாங்க."

அவன் போன பிறகு அவள் கிணற்றடிக்குப் போனாள். இடது கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. நேற்று லேபில் அதைத் திறந்து பார்த்தவர், இது மூக்குச் சளி, நெஞ்சுச் சளி வேண்டும் என்று திருப்பிக் கொடுத்திருந்தார்.

அவளிடம் இல்லாத சளியா? மூக்கின் பின்வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி அடித்தொண்டையில் பசைபோல ஒட்டிக்கொள்கிறது. விழுங்கினாலும் போவதில்லை. துப்பினாலும் தீர்வதில்லை. மனுஷர் முன்னால் நின்று ஒரு பேச்சை முழுசாகப் பேச முடியாமல் செய்ததே அதுதான். ஆனால் விலாவைப் பிடித்துக்கொண்டு எத்தனை தரம் இருமினாலும் நெஞ்சிலிருந்து வந்தது வெறும் காற்று.

"சுடுதண்ணி குடிச்சிட்டு இருமு" என்றாள் காசியம்மாள்.

குடித்தாள். இருமினாள். கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

"குனிஞ்சு இருமுடி."

"வரலைம்மா. நான் இன்னா வச்சுக்கிட்டா இல்லைன்றேன்?"

அவள் சுவரில் சாய்ந்து, இடுப்பில் செருகியிருந்த சிறு பாட்டிலை எடுத்து மூக்கில் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டாள்.

"அது முந்தாநேத்து வாங்கினதுதானே? அதுக்குள்ள பாதி காலி."

"விடலைனா மூச்சே வரமாட்டேங்குது. வாயைத் தொறந்துக்கிட்டுத்தான் படுக்க வேண்டியிருக்கு."

மகளின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருப்பதைக் காசியம்மாள் கவனித்தாள். மழை இல்லை, பால். குழந்தை பேரைச் சொன்னாலே இப்படி ஆகிவிடுகிறது. அவள் மாற்றுப் புடவை எடுத்து வைத்தாள். ஒன்பது மணி டவுன் பஸ்ஸில் இருவரும் கிளம்பினார்கள்.

*

லேப் ஜன்னலில், நேற்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்த அதே ஊழியர் ஆதிமூலம். டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நேத்துச் சொன்னதையேதான் இன்னிக்கும் சொல்லணுமா? எச்சிலும் மூக்குச் சளியும் குடுத்தா, காலையில இன்னா சட்னி தொட்டுக்கிட்டேன்னு வேணா டெஸ்ட் பண்ணிச் சொல்றேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நெஞ்சுலருந்து வரணும்மா. ஆழமா மூச்சு இழுத்து, அடிவயித்துலருந்து இருமு. போ, அந்தாண்ட வெளியில நின்னு எடுத்துட்டு வா. பதினோரு மணிக்குள்ள குடுத்தாத்தான் மத்தியானம் சொல்ல முடியும்."

"இன்னிக்கே சொல்லிடுவீங்களா சார்? நாளைக்குக் காலையிலன்னா வேணாம்" என்றாள் மதிவதனி.

"எல்லாருக்கும் அவசரந்தான்."

கட்டடத்துக்குப் பின்னால் குழாயடி. புங்க மரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மதிவதனி ஆழமாக மூச்சை இழுத்தாள். மூக்கு அடைத்திருந்ததால் பாதி மூச்சுதான் உள்ளே போனது. இருமினாள். நின்றாள். இருமினாள். தொண்டை எரிந்தது. நாடி நரம்பெல்லாம் புடைத்தன. கடைசியில் அவள் டப்பாவில் துப்பியது, நேற்றுத் துப்பியதேதான். கண்ணாடி மாதிரி, நூல் நூலாக.

"இதையும் திருப்பிடுவாரும்மா."

"இரு, பார்க்கலாம்."

"பதினோரு மணிக்குள்ள வேணும்னாரே. நாளைக்கு அவ பஸ் ஏறிட்டா? நான் ஆரணிக்கு ஓடி, அவ வீட்டு வாசல்ல நின்னு கனைச்சுக்கிட்டே என் புள்ளையைக் கேட்கவா?" அவள் குழாய்மேடையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. இல்லைன்றதைக் காட்டத்தான் என்கிட்ட எதுவும் இல்லை."

அப்போது எக்ஸ்ரே எடுக்கும் இடத்திலிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"நீ போ. டப்பாவை நான் குடுத்துக்கிறேன்" என்றாள் காசியம்மாள்.

மகள் தாழ்வாரத்தில் திரும்பி மறைகிற வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழாயைத் திறந்து டப்பாவைக் கழுவினாள். முந்தானையால் உட்புறத்தைத் துடைத்தாள்.

அவள் கணக்கு எளிமையானது. நெஞ்சிலிருந்து வருகிற சளி வேண்டும். தன்னிடம் அது இருக்கிறது. அடுப்புப் புகைக்கும் பனிக்கும் வருகிற சாதாரணச் சளி. தனக்கு ஒரு நோயும் இல்லை. ஆகையால் ஒரு நோயும் இல்லை என்றே பதில் வரும். மகளுக்கும் இல்லாத நோய்தானே? இல்லாததை இல்லை என்று சொல்ல யார் சளியாக இருந்தால் என்ன?

மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினாள். ரொம்பச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. அடியிலிருந்து புரண்டு மேலே வந்தது. கெட்டியாக, மஞ்சளாக. டப்பாவை மூடினாள்.

"ஆங், இது சளி" என்றார் ஆதிமூலம். "நேத்தே இப்படிக் குடுத்திருந்தா இன்னிக்கு இந்த அலைச்சல் கம்மிதானே?"

எக்ஸ்ரே முடித்து வந்த மகளிடம், "வாங்கிக்கிட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

"அதையா? ஒண்ணும் சொல்லலையா?"

"படையலைப் பெருமாள் வாங்கிக்கிற மாதிரி வாங்கிக்கிட்டாரு. வா, ஒரு டீ குடிக்கலாம்."

மகள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, தான் செய்ததில் தப்பே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

*

ரெண்டு மணிக்கு ஆதிலட்சுமி வந்தாள். சொன்ன சொல்லுக்கு வந்தாள். புடவை, கைப்பை, நெற்றித் திருநீறு எல்லாவற்றிலும் கற்பூர வாசனை. பின்னால் சகாதேவன், தோளில் இனியா.

மதிவதனி பெஞ்சிலிருந்து எழுந்து ஓடினாள். "கண்ணு... பாப்பா... அம்மாடி."

குழந்தை அவளைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பி அப்பாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டது.

"தூக்கத்துல இருக்கா" என்றான் சகாதேவன்.

குழந்தையின் கண்கள் நன்றாக விழித்திருந்தன. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மதிவதனி தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"மொதல்ல டாக்டர் சொல்லட்டும்" என்றாள் ஆதிலட்சுமி. "வாங்க சம்பந்திம்மா."

டாக்டரம்மா இன்னும் ஈரம் காயாத எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தார்.

"ஆ காட்டு. இன்னும் நல்லா. இப்ப தலையை நிமிர்த்து, மூக்கைப் பார்க்கணும்." பார்த்தார். "சொட்டு மருந்து விடுறியா?"

மதிவதனி தலையாட்டினாள்.

"எவ்ளோ நாளா?"

"பாப்பா பொறந்ததுலருந்துங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அடைக்கிறப்பல்லாம்."

"எடு அதை." பாட்டிலை வாங்கி மேஜை டிராயரில் போட்டு மூடினார். "இதை நாலஞ்சு நாளைக்கு மேல விடக் கூடாதும்மா. விட்டா, மருந்து வேகம் தணிஞ்சதும் மூக்கு முன்னைவிட வீங்கும். அதுக்கு மறுபடி மருந்து, மறுபடி வீக்கம். நீ மூக்கடைப்புக்கு மருந்து விடல. மருந்தால வர்ற அடைப்புக்கு மருந்து விட்டுக்கிட்டு இருக்க."

"அப்ப அந்த இருமல்?" என்று கேட்டாள் ஆதிலட்சுமி.

"எல்லார் மூக்குலயும் சளி ஊறிக்கிட்டேதான் இருக்கும் பெரியம்மா. நமக்கே தெரியாம முழுங்கிடுறோம். தூசி, புகை, பனிக்காத்து, காரமான நெடி, இப்படி ஒத்துக்காதது எதுவும் பட்டா அது ஜாஸ்தியாகும். முன்னால வழியாதது பின்னால தொண்டையில இறங்கும். அதான் கனைக்கிறா. படுத்தா மொத்தமா இறங்கும். அதான் இருமுறா. நுரையீரல் சுத்தமா இருக்கு." அவர் நிமிர்ந்தார். "வீட்டுல இன்னா தொழில்?"

"கற்பூரங்க. இருபது வருஷமா" என்றாள் ஆதிலட்சுமி, தன்னையறியாமல் சற்றே நிமிர்ந்து.

"இந்தப் பொண்ணும் அந்த ரூமுல வேலை செய்யுதா?"

"செய்யும். இருமல் வந்ததும் படுக்கையையே அங்க மாத்திட்டேன். கற்பூரக் காத்து பட்டா சளி கரைஞ்சுடும்னு. இங்க வந்தப்புறமும் வாராவாரம் குடுத்தனுப்புறேன், தலகாணிக்கு அடியில வைக்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"கதவைச் சாத்தின ரூமுல, ராத்திரி பூரா அந்த நெடியில படுக்க வச்சீங்களா? வீங்கின மூக்குக்கு அது ஆகாதும்மா."

ஆதிலட்சுமியின் முகம் சுருங்கியது. கோபம் வரப்போகிறது என்றுதான் மதிவதனி நினைத்தாள். வரவில்லை.

"என் தம்பிக்கு அப்ப கற்பூரம் வைக்க முடியாமப் போச்சுங்க" என்றாள் ஆதிலட்சுமி. "கூடத்துலயே கிடந்து இருமி இருமிச் செத்தான். இவளுக்காவது வைப்போம்னு வச்சேன்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மகனிடம் திரும்பினாள். "இன்னாடா நிக்கிற? நான் குடுத்த வார்த்தை குடுத்ததுதான். புள்ளையை இப்படிக் குடு."

இனியாவை வாங்கி மருமகளை நோக்கி ஓரடி வைத்தாள். கதவருகில் நின்ற காசியம்மாள் கையெடுத்து மலை இருக்கும் திசையைக் கும்பிட்டாள்.

அந்த நேரத்தில்தான் ஆதிமூலம் உள்ளே வந்தார். டாக்டரம்மாவிடம் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார்.

"யாரு, மதிவதனியா? நல்லாப் பார்த்தீங்களா?"

"ரெண்டு தடவை பார்த்துட்டேன் மேடம். பாசிட்டிவ்தான். கிருமி ஜாஸ்தியாவே இருக்கு."

ஆதிலட்சுமி குழந்தையைத் தன் மார்போடு இழுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா படத்தை மறுபடி கையில் எடுத்தார். "படம் சுத்தமா இருக்கு. சளியில இவ்ளோ கிருமின்னா... எனக்கே புரியலையே."

"எனக்குப் புரியுதுங்க" என்றாள் ஆதிலட்சுமி. ஓரடி முன்னால் வந்தவள் நாலடி பின்னால் போனாள். குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். "நாளைக்குக் காலையில எதுக்கு? இன்னிக்குச் சாயங்காலமே வள்ளி கிளம்பட்டும். சகாதேவா, வண்டியை எடு."

"அத்தை!" மதிவதனி அவள் காலடியில் விழுந்தாள். "அத்தை, இப்பதானே இல்லைன்னாங்க... ஏங்க, சொல்லுங்களேன்... ஒரே ஒரு தடவை..." தொண்டை அடைத்தது. கனைக்கப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

காசியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் ஆனால் வருகிற குளிர். விடிகிற நேரத்தில் நனைந்துபோகிற தலையணை. நழுவி நழுவி விழுகிற வளையல். வயசு என்று அவள் தள்ளிவைத்த ஒவ்வொன்றும் திரும்பி வந்து வரிசையாக நின்றது. பேசாமல் இருந்தால் மகளுக்குப் பிள்ளை இல்லை. பேசினால்?

ஆடி மாசம் இனியா தாயோடு வேங்கிக்காலுக்கு வந்திருந்தாள். சோற்றை வாயால் ஊதி ஊதி ஆறவைத்து ஊட்டினது இந்த வாய்தான்.

"டாக்டரம்மா" என்றாள். சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். மறுபடி சொன்னாள். "டாக்டரம்மா, அது அவ சளி இல்லை. என்னுது."

"இன்னா சொல்றீங்க?"

"அவளுக்கு வரவே இல்லைங்க. பதினோரு மணி ஆகிடும்னு டப்பாவைக் கழுவிட்டு நான்தான் என் சளியைக் குடுத்தேன். எனக்கு இன்னா நோயிருக்கப்போவுதுன்னு குடுத்துட்டேன்."

மதிவதனி தரையிலிருந்தபடியே நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"மகளுக்காக அம்மா பழியைத் தன்மேல போட்டுக்குது" என்றாள் ஆதிலட்சுமி. ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

"அப்படியிருந்தா நாளைக்கே தெரிஞ்சிடும்" என்று டாக்டரம்மா எழுந்தார். "இவங்க ரெண்டு பேர் சளியும் திரும்பப் பார்க்கணும். ஆனா படம் பொய் சொல்லாது. அம்மா, உங்களுக்கு எவ்ளோ நாளா இருமல்?"

காசியம்மாளுக்குப் பதில் தெரியவில்லை. மகளைப் பார்த்தாள். மகளுக்கும் தெரியவில்லை. ஒரே வீட்டில் படுத்து எழுந்தும், தன் தொண்டைச் சத்தத்தைத் தவிர எதையும் அவள் கேட்டிருக்கவில்லை.

"குழந்தை உங்ககூட இருந்திருக்கா?"

"ஆடியில."

"அப்ப குழந்தையையும் பார்க்கணும். பயப்படாதீங்க, எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. ஆறேழு மாசம் விடாம சாப்பிடணும், அவ்ளோதான்."

முந்தானைக்குள்ளிருந்து இனியா தலையை நீட்டினாள். அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். காசியம்மாளைக் கண்டதும் முகம் மலர்ந்து, "ஆயா" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

காசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படி வரை பின்னால் நகர்ந்தாள். குழந்தையின் கைகள் நீட்டியபடியே இருந்தன. பிறகு உதடு பிதுங்கியது.

ஆதிலட்சுமி அதைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்திருந்த மருமகளின் மடியில் குழந்தையை இறக்கி வைத்தாள்.

"இந்தா. டாக்டர் வாயால கேட்டுட்டேன். வார்த்தை தவற மாட்டேன். கற்பூர ரூமைப் பூட்டிடுறேன், கூடத்துல படு." குரல் தாழ்ந்தது. "ஆனா இப்பவே என்கூடப் புறப்படணும். வேங்கிக்கால் பக்கம் இனிமே காலை வைக்கக் கூடாது. இல்லைனா புள்ளை சாயங்காலம் ஆரணி பஸ்ல."

மதிவதனியின் மடியில் குழந்தை. பழகிய வாசனை தெரிந்ததோ என்னவோ, அது அவள் ரவிக்கையைப் பற்றி இழுத்தது.

"அம்மா" என்று அவள் வாசற்பக்கம் திரும்பினாள்.

அங்கே யாரும் இல்லை. காசியம்மாள் தாழ்வாரத்தின் கோடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள், யாரும் பின்னால் வந்துவிடக் கூடாதே என்கிற வேகத்தில். மழைக்கு நடுவே அவளுடைய இருமல் மட்டும் கேட்டது. குழாயடியிலிருந்து ஒரு தரம். கேட்டுக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு தரம்.